ஆமை வாங்கியாச்சா? முதலில் அந்தப் பிளாஸ்டிக் டப்பாவைத் தூக்கிப் போடுங்கள்

பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, பச்சைப் பசேலென்று, கண்ணுக்குப் பின்னால் ஒரு சிவப்புக் கோட்டோடு, நடுவில் பிளாஸ்டிக் தென்னை மரம் நட்ட டப்பாவில் வைத்துக் கொடுத்திருப்பார்கள். கூடவே மூன்று விஷயம் சொல்லியிருப்பார்கள்: இது இவ்வளவுதான் வளரும், தினம் நாலு உருண்டை தீனி போதும், வாரம் ஒரு தடவை தண்ணீர் மாற்றினால் போதும். மூன்றும் தப்பு. பதினோரு வருஷத்துக்கு முன்னால் எனக்கும் ஒரு கடையில் இதையேதான் சொன்னார்கள், நானும் நம்பி முதல் குட்டியை நாலே மாதத்தில் சாகக் கொடுத்தேன். தீனியெல்லாம் நன்றாகத்தான் தின்றது. ஆனால் கடைசியில் ஓட்டை விரலால் தொட்டால் மழையில் நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி உள்ளே அமுங்கியது. வெயில் படாமல் செத்தது என்று பிறகுதான் டாக்டர் சொன்னார். இரண்டாவதாக வந்தது இப்போது மொட்டை மாடியில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு உட்கார்ந்திருக்கிறது. அதை வளர்த்துக் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன்.

கடையில் விற்பது பெரும்பாலும் சிவப்புக் காது ஆமை, ரெட் இயர்ட் ஸ்லைடர். அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகைதான் இதற்குச் சொந்த ஊர். ஆண் 15 முதல் 20 சென்டிமீட்டர், பெண் 25 முதல் 30 சென்டிமீட்டர் வரை வளரும். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் இருபது, முப்பது வருஷம் இருக்கும், அதாவது மூன்றாம் வகுப்புப் பையனுக்கு வாங்கிக் கொடுத்தால் அவன் கல்யாணத்துக்கும் அது இருக்கும். இதை யோசித்துவிட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் ஒரு ஜோடி கப்பி மீன் வாங்கிக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்குப் போங்கள்.

இன்னொன்று, நம் ஊர் ஆமைகளை வளர்க்கவே கூடாது. வயல், குளம், வாய்க்காலில் கிடைக்கும் பால் ஆமை, யாராவது ரகசியமாக விற்கும் நட்சத்திர ஆமை இரண்டும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. வீட்டில் அதிர்ஷ்டம் வரும் என்று தொட்டியில் போட்டு வைத்தால் ஜெயிலுக்குப் போகிற குற்றம் அது. "ஆமை புகுந்த வீடு" பழமொழியைச் சொல்லிப் பயமுறுத்தும் சொந்தக்காரர் எனக்கும் உண்டு, அவர் சொல்வது இந்த விஷயத்தில் மட்டும் உண்மைதான்.

சரி, தொட்டி. ஓட்டின் நீளத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் 40 லிட்டர் தண்ணீர் என்பது பொதுவான கணக்கு. இரண்டு அங்குலக் குட்டிக்கே 80 லிட்டர் வந்துவிடும், வளர்ந்த பெண் ஆமைக்கு 400 லிட்டர். இதைக் கண்ணாடித் தொட்டியாக வாங்கினால் கட்டுப்படியாகாது, தரையும் தாங்க வேண்டும். நான் பழைய தண்ணீர் டேங்க் ஒன்றைக் காயலான் கடையில் வாங்கிப் பாதியாக அறுத்து வைத்திருக்கிறேன், பார்க்க அழகாக இருக்காது, ஆமைக்கு அது தெரியாது. சென்னையில் இருந்தால் கொளத்தூர் வண்ண மீன் கடைத் தெருவில் ஒரு சுற்று சுற்றினால் ஃபில்டர், விளக்கு எல்லாம் கிடைத்துவிடும். தண்ணீரின் ஆழம் ஓட்டின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்காவது இருக்கட்டும். நீந்துகிற ஜீவன் அது, கணுக்கால் தண்ணீரில் மல்லாந்து விழுந்தால் திரும்ப முடியாமல் தவிக்கும், ஆழம் இருந்தால் புரண்டுவிடும். அடியில் சின்னக் கூழாங்கல் போடாதீர்கள், விழுங்கிக் குடலில் அடைத்துக்கொள்ளும். போட்டே ஆக வேண்டுமென்றால் அதன் தலையைவிடப் பெரிய கல்லாகப் போடுங்கள். எதுவும் போடாமல் விட்டால் கழுவச் சுலபம்.

இப்போது வெயில். இதுதான் முக்கியம், இதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். வெயிலில் இருக்கும் யூவிபி கதிர் பட்டால்தான் ஆமையின் உடம்பில் வைட்டமின் டி3 உண்டாகும், அது இருந்தால்தான் தின்கிற சுண்ணாம்புச் சத்து எலும்பிலும் ஓட்டிலும் போய்ச் சேரும். ஜன்னல் ஓரத்தில் வைத்திருக்கிறேன், வெயில் நன்றாக வருகிறது என்பார்கள். கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும், வெறும் சூடுதான் உள்ளே வரும். பால்கனியிலோ மாடியிலோ நேர் வெயில் வேண்டும், எட்டரை மணிக்கு மேல் அரை மணி நேரம், முக்கால் மணி நேரம். ஏறி உட்கார முழுசாகக் காய்ந்த மேடு ஒன்று வேண்டும். நான் நாலு செங்கல் அடுக்கி அதன்மேல் ஒரு மங்களூர் ஓட்டைச் சாய்த்துப் போட்டிருக்கிறேன். காலையில் அதில் ஏறி, பின்கால் இரண்டையும் பின்னால் நீட்டி, விரல்களை விசிறி மாதிரி விரித்து, கழுத்தை முழுசாக நீட்டிக் கண்ணை மூடிக்கொள்ளும். முதல் தடவை பார்த்தபோது செத்துவிட்டது என்று நினைத்துப் பதறிப் போய்த் தூக்கினேன்.

ஆனால் வெயில் வேண்டும் என்று சின்ன டப்பில் போட்டு மாடியில் விட்டுவிட்டு ஆபீஸ் போய்விடாதீர்கள். சித்திரை வெயிலில் பத்து லிட்டர் தண்ணீர் ஒரு மணி நேரத்தில் கொதிக்கிற மாதிரி ஆகிவிடும், ஆமையால் தன் உடம்புச் சூட்டைத் தானாகக் குறைத்துக்கொள்ள முடியாது, நிழலுக்குப் போனால்தான் உண்டு. தொட்டியில் பாதி எப்போதும் நிழலில் இருக்கட்டும். தண்ணீர் 24 முதல் 28 டிகிரி, மேடு 30, 32 டிகிரி இருந்தால் சரி. அப்புறம் காக்கா. குட்டி ஆமையைக் காக்கா கொத்திக்கொண்டு போய்விடும், பூனையும் சும்மா விடாது, மேலே வலை கட்டாயம். மாடி இல்லாத ஃபிளாட்டில் இருப்பவர்கள் யூவிபி விளக்கு வாங்க வேண்டும், மேட்டுக்கு ஓரடி உயரத்தில், நடுவில் கண்ணாடி இல்லாமல். விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், கதிர் மட்டும் குறைந்துபோயிருக்கும், அதனால் கம்பெனி சொல்லும் கெடுவில், ஆறு மாதமோ ஒரு வருஷமோ, மாற்றிவிடுங்கள். ஹீட்டர் சென்னைக்குத் தேவையே இல்லை, ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவர்களுக்கு வேண்டும்.

தண்ணீர்தான் அடுத்த தலைவலி. ஆமை தண்ணீரிலேயே தின்னும், அதிலேயே கழியும். மீனுக்குப் போடும் ஃபில்டர் இதற்கு ஈடு கொடுக்காது, உங்கள் தொட்டிக்கு எவ்வளவு லிட்டரோ அதைப்போல் இரண்டு, மூன்று மடங்குக்கு உள்ள ஃபில்டராக வாங்குங்கள். அப்படியிருந்தும் வாரம் ஒரு முறை கால் பங்குத் தண்ணீரை மாற்ற வேண்டும். ஃபில்டர் இல்லையென்றால் இரண்டு நாளுக்கு ஒரு தடவை முழுசாக மாற்றுங்கள், வேறு வழியில்லை. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை ஓர் இரவு பக்கெட்டில் திறந்து வைத்துவிட்டு ஊற்றுவது நல்லது. ஆர்.ஓ. தண்ணீரெல்லாம் வேண்டாம். தீனியைத் தனி டப்பில் போட்டுத் தின்ன வைத்துவிட்டுத் திரும்பத் தொட்டியில் விட்டால் பாதி அழுக்கு குறையும், எனக்கு இது ஒத்துவந்தது.

தீனி என்றால் கடையில் விற்கும் காய்ந்த இறால் டப்பா மட்டும் போடாதீர்கள், அது நமக்குச் சிப்ஸ் மாதிரி. ஆமைக்கென்று உள்ள நல்ல பெல்லட், அதாவது உருண்டைத் தீனி, ஒரு பங்கு, மீதி கீரை, காய். குட்டிக்குத் தினமும், அதன் தலை அளவுக்குப் பெல்லட் போதும். வளர்ந்தது இரண்டு நாளுக்கு ஒரு முறை தின்றால் போதும், அதிலும் பெரும்பங்கு இலை தழையாக இருக்க வேண்டும். முருங்கைக் கீரை, துருவிய கேரட், பரங்கிக்காய், வேலம்பாசி எல்லாம் என்னுடையது தின்கிறது. பசலை, பாலக் தினமும் வேண்டாம், அதிலிருக்கும் ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சோறு, பிரெட், பால், கருவாடு எதுவும் கூடாது. சுண்ணாம்புச் சத்துக்கு ஒரு மலிவான வழி சொல்கிறேன்: நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று கேளுங்கள், அது கணவாய் மீனின் உள் ஓடு. ஒரு துண்டைத் தண்ணீரில் மிதக்க விட்டால் தேவைப்படும்போது கடித்துக்கொள்ளும். ஆமை உங்களைப் பார்த்ததும் தலையைத் தூக்கிக்கொண்டு காலை உதைத்து உதைத்துக் கண்ணாடியைப் பிறாண்டும். அது பாசமில்லை, பசியுமில்லை. நீங்கள்தான் தீனி என்று அதற்குப் பழகிவிட்டது. அதை நம்பிப் போட்டுக்கொண்டே இருந்தால் கொழுத்துப்போய்க் காலை உள்ளே இழுக்க முடியாமல் சதை பிதுங்கும்.

தூக்குவது எப்படி? முடிந்தவரை தூக்காதீர்கள் என்பதுதான் முதல் பதில், அதற்கு அது பிடிக்காது. தூக்கியே ஆக வேண்டும் என்றால் பின்னாலிருந்து வந்து, இரண்டு கையாலும், முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவில் ஓட்டின் பக்கவாட்டைப் பிடியுங்கள், கட்டைவிரல் மேலே, மற்ற விரல்கள் அடி ஓட்டில். முதலில் புஸ்ஸென்று காற்றை விட்டுக்கொண்டு எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஐந்து நொடி கழித்துப் பின்கால் நகத்தால் உங்கள் விரலைப் பிறாண்டித் தள்ளும், பெரும்பாலும் மூத்திரமும் போகும். பலபேர் கையை உதறுவது அந்த இடத்தில்தான். அதனால் தரையை ஒட்டி, குனிந்தோ உட்கார்ந்தோ தூக்குங்கள். ஓடு ஒன்றும் கவசச் சட்டை கிடையாது, முதுகெலும்பும் விலா எலும்பும் சேர்ந்ததுதான் ஓடு, அதில் உணர்ச்சி உண்டு, விழுந்தால் விரியும், ரத்தம் வரும். விரிந்துவிட்டால் சுத்தமான துணியால் சுற்றி, தண்ணீரில் விடாமல், ஈரமில்லாத பெட்டியில் வைத்து டாக்டரிடம் ஓடுங்கள். ஃபெவிக்விக் போட்டு ஒட்டாதீர்கள், ஒட்டியவரை எனக்குத் தெரியும். ஓட்டில் பெயிண்ட் அடிப்பது, பளபளப்புக்கு எண்ணெய் தடவுவது இரண்டும் வேண்டாம். வளரும்போது ஓட்டிலிருந்து மெல்லிய செதில் கழன்று வருவது சகஜம், நீங்கள் உரிக்காதீர்கள். கடித்துவிட்டால் இழுக்காமல் கையோடு தண்ணீரில் இறக்குங்கள், விட்டுவிடும். சோப்புப் போட்டுக் கழுவி, ஆழமாக இருந்தால் டாக்டரைப் பார்த்து டி.டி. ஊசி பற்றிக் கேளுங்கள்.

கடியைவிடப் பெரிய விஷயம் கண்ணுக்குத் தெரியாதது. நல்ல ஆரோக்கியமான ஆமைகூடச் சால்மோனெல்லா கிருமியைச் சுமந்துகொண்டு திரியும். அதற்கு ஒன்றும் ஆகாது, நமக்குக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு. சின்ன ஆமையைக் குழந்தைகள் வாயில் வைத்துக்கொள்கிறார்கள் என்பதற்காகவே அமெரிக்காவில் 4 அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளை விற்க 1975-இல் தடை போட்டார்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் தொட வேண்டாம். மற்றவர்கள் ஆமையையோ தொட்டித் தண்ணீரையோ தொட்டால் சோப்புப் போட்டு 20 நொடி தேய்த்துக் கழுவுங்கள். முத்தம் கொடுத்துப் படம் எடுப்பதெல்லாம் வேண்டாம். தொட்டித் தண்ணீரைச் சமையலறை சிங்கில் கொட்டவே கூடாது, கழிப்பறையிலோ பூச்செடிக்கோ ஊற்றுங்கள். எங்கள் வீட்டில் அதற்கென்று தனி மக், தனி பிரஷ். அம்மா அந்த மக்கில் நெயில் பாலிஷால் பெரிதாக "ஆ" என்று எழுதி வைத்திருக்கிறார், ஒரு தடவை மாமா அதில் மோர் கலக்கப் போனதிலிருந்து.

இதே கைச்சுத்தம் இகுவானா என்ற பெரிய பல்லி, பால் பைத்தான் (ball python) என்ற வெளிநாட்டு மலைப்பாம்பு வைத்திருப்பவர்களுக்கும் பொருந்தும். இகுவானாவை வாலைப் பிடித்துத் தூக்கினால் வால் கழன்று கையோடு வந்துவிடும், வயிற்றுக்கு அடியில் கை கொடுங்கள். பைத்தான் இரை தின்று இரண்டு நாளுக்குத் தொடாதீர்கள், எலி வாசனைக் கையோடு கிட்டே போகாதீர்கள். இரண்டையும் ஒன்றிய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பது 2024-இல் வந்த விதி. வீட்டுக்குள் வந்த பாம்பு வேறு கதை. கட்டுவிரியனைப் போலவே வெள்ளைக் கட்டுப் போட்ட விஷமில்லாத பாம்பும் நம் ஊரில் உண்டு, அந்த வித்தியாசத்தைக் கையில் பிடித்துக் கண்டுபிடிக்காதீர்கள், தள்ளி நின்று தீயணைப்புத் துறைக்கோ வனத்துறைக்கோ போன் செய்யுங்கள்.

உடம்பு சரியில்லை என்பதற்கு நாலு அடையாளம் போதும். கண் வீங்கி மூடியிருந்தால் பெரும்பாலும் வைட்டமின் ஏ குறைவு, இல்லை அழுக்குத் தண்ணீர். ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்து, மூக்கில் குமிழி விட்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் நிமோனியா, அன்றைக்கே டாக்டர். ஓட்டில் குழி விழுந்து நாறினால் ஓடு அழுகல். ஓடு மெத்தென்று ஆனால் நான் முதலில் சொன்னது. பெண் ஆமை ஆண் இல்லாமலே முட்டை போடும், தரையைத் தோண்டுகிற மாதிரி பின்காலால் பரபரத்தால் ஒரு டப்பில் ஈர மணல் வைத்து அதில் விடுங்கள், முட்டை உள்ளே தங்கிவிட்டால் உயிருக்கு ஆபத்து. எல்லா டாக்டரும் ஊர்வனவற்றைப் பார்ப்பதில்லை, நோய் வருவதற்கு முன்பே ஒருவரை விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வளர்க்க முடியவில்லை என்று கோயில் குளத்திலோ ஏரியிலோ விட்டுவிடாதீர்கள். புண்ணியம் என்று நினைத்துத்தான் விடுகிறார்கள். இது முரட்டு இனம், நம் ஆமைகளின் தீனியையும் வெயில் காயும் இடத்தையும் பிடுங்கிக்கொள்ளும், இதே காரணத்துக்காக ஐரோப்பிய ஒன்றியம் 1997-லேயே இதன் இறக்குமதியை நிறுத்திவிட்டது. பொறுப்பாக வளர்க்கிற இன்னொருவரிடம் கொடுங்கள், கிடைக்கிற வரைக்கும் வைத்திருங்கள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறீர்களா? வளர்ந்த ஆமை ஒரு வாரம் தின்னாமல் தாராளமாக இருக்கும். பக்கத்து வீட்டில் சாவி கொடுத்து, தண்ணீர் மட்டத்தையும் ஃபில்டர் ஓடுகிறதா என்பதையும் மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். தொட்டியில் ஒரு சீட்டும் ஒட்டிவிடுங்கள். என்னுடையதில் இருப்பது: "அக்கா, சாப்பாடு போட வேண்டாம், அது நடிக்கும்."