பட்டறையில சொல்லி செஞ்ச கத்தி கைக்கு வந்தாச்சா? டெஸ்ட் பண்றது எப்படின்னு ஆரம்பத்துல இருந்து பாப்போம்

கேம்ப் போறவங்க, தோட்டத்துல வேலை பாக்குறவங்கன்னு நிறைய பேரு இப்ப கொல்லம்பட்டறையில சொல்லி கத்தி செஞ்சு வாங்குறாங்க. மடக்குக் கத்தி இல்ல, காம்பு பிடிக்கு உள்ளயே கடைசி வரைக்கும் ஓடுற ஃபிக்ஸட் பிளேடு. வாங்குன உடனே உறையில இருந்து உருவி நாலு போட்டோ எடுத்துட்டு பீரோவுல வச்சிடுறாங்க, இல்லேன்னா நேரா போய் காஞ்ச கட்டையில ஓங்கி வெட்டி, வாய்ல, அதாவது வெட்டுற ஓரத்துல, பல்லு விழுந்ததும் "ஆசாரி ஏமாத்திட்டாரு"ன்னு புலம்புறாங்க. ரெண்டுமே வேணாம். கத்தியோட தரம் பளபளப்புல இல்லங்க, அது பதத்துலயும் (இரும்பைக் காய்ச்சி முக்கி ஏத்துற கடினம்) வாயோட வடிவத்துலயும் தான் இருக்கு. அது ரெண்டும் கண்ணுக்குத் தெரியாது, வேலை வாங்கிப் பாத்தா தான் தெரியும். அதுவும் லேசான வேலைல தொடங்கி படிப்படியா ஏத்திட்டு போகணும்.

முதல்ல ஆர்டர் குடுக்குறப்பவே பேச வேண்டியது

நம்ம ஊர்ல பெரும்பாலும் லாரி பட்டைல, அதாவது லாரிக்கு அடியில இருக்குற ஸ்பிரிங் தகட்டுல தான் செய்வாங்க. அது தப்பான இரும்பு இல்ல, நல்ல இரும்பு. 5160ன்னு சொல்ற ஸ்பிரிங் ஸ்டீல்ல கார்பன் 0.6 சதவீதம் பக்கம் இருக்கும், கூடவே கொஞ்சம் குரோமியம், அதனால அடி தாங்கும். பேரிங்ல இருந்து செய்யிற 52100ல கார்பன் 1 சதவீதம், கூர் ரொம்ப நேரம் நிக்கும், ஆனா பதம் ஏத்துறது கொஞ்சம் கஷ்டமான வேலை. பட்டைல ஒரே சிக்கல் என்னன்னா லாரியில வருஷக்கணக்கா ஓடி அலுத்த பட்டையில கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம், அதனால ஓடாத புதுப் பட்டை, வெட்டுத்துண்டு கிடைச்சா அதுல செய்யச் சொல்லுங்க.

அடுத்து அளவு. முதல் கத்திக்கு வாய் 10ல இருந்து 12 சென்டிமீட்டர், முதுகு கனம் 3 அல்லது 4 மில்லி போதும். பெருசா இருந்தா தான் கெத்துன்னு நினைக்காதீங்க. ஆயுத விதிகள் 2016ல, 9 இன்ச்சுக்கு மேல நீளமோ 2 இன்ச்சுக்கு மேல அகலமோ இருக்குற கத்திங்க ஆயுதப் பட்டியல்ல வருது, வீட்டு வேலை, விவசாயம், அறிவியல், தொழிற்சாலை வேலைக்குன்னு செஞ்சது தான் அதுல விதிவிலக்கு. அந்த அளவுக்குள்ள இருந்தா உங்களுக்கும் நல்லது, ஆசாரிக்கும் நல்லது.

அப்புறம் முக்கியமான விஷயம் ஒண்ணு, இதை யாரும் கேக்குறதே இல்ல. திருப்பாச்சேத்தி மாதிரி ஊர்ல தலைமுறை தலைமுறையா அருவா அடிச்ச கை, அருவாளுக்கு வாய் பக்கம் கனமா விடுறது தான் சரி, ஏன்னா அது ஓங்கி வெட்டுற சாமான். அதே கைப்பழக்கத்துல சின்னக் கத்தி செஞ்சா வாய்க்குப் பின்னாடி ஒரு மில்லிக்கு மேல நிக்கும், அப்புறம் எவ்வளவு சாணை புடிச்சாலும் தக்காளி நசுங்குமே தவிர அறுபடாது. "அண்ணே, கூர் வைக்கிறதுக்கு முன்னாடி வாய் கனம் அரை மில்லி இருந்தா போதும்ணே"ன்னு தெளிவா சொல்லிடுங்க, முடிஞ்சா கனம் அளக்குற வெர்னியர் எடுத்துட்டு போங்க.

பதம் எப்படிப் போடுவீங்கன்னும் கேளுங்க. இரும்பை காந்தம் ஒட்டாத சூட்டுக்கு, அதாவது 770 டிகிரி தாண்டி இன்னும் கொஞ்சம் ஏத்தி, 830 பக்கம் கொண்டு போய் எண்ணெய்ல முக்கணும். பட்டை இரும்பை, அதுவும் இவ்வளவு மெலிசா இருக்கிறப்ப, தண்ணியில முக்குனா விரிசல் விட வாய்ப்பு அதிகம். முக்கி எடுத்ததும் கத்தி கண்ணாடி மாதிரி இருக்கும், கீழ விழுந்தாலே உடையலாம், அதனால மறுபடி 200 டிகிரி சூட்டுல ரெண்டு மணி நேரம், ஆறவிட்டு இன்னொரு ரெண்டு மணி நேரம் வைக்கணும். வீட்டு கேக் அவன்லயே இது நடக்கும். சில பேரு "அதெல்லாம் எதுக்கு தம்பி, கலர் பாத்து பண்ணிடுவேன்"னு சொல்வாங்க, அதுவும் சரியான முறை தான், இளம் வைக்கோல் நிறம் வந்தா நிறுத்துவாங்க. ஆனா இந்த ரெண்டாவது சூடே கிடையாதுன்னு சொன்னா வேற பட்டறை பாருங்க.

கத்தி கைக்கு வந்ததும் வெட்டாதீங்க, பாருங்க

முதுகு மேல பாக்குற மாதிரி புடிச்சு ஒரு கண்ணை மூடிட்டு நுனி வரைக்கும் பாருங்க, கோணல் இருந்தா உடனே தெரிஞ்சிடும். வாய் ரெண்டு பக்கமும் ஒரே அளவா சரிவா இருக்கான்னு பாருங்க. வாய் ஓரத்துல நீலமோ ஊதாவோ நிறம் தெரிஞ்சா கிரைண்டர்ல புடிக்கிறப்ப 300 டிகிரி பக்கம் சூடேறி அந்த இடத்துல பதம் இறங்கியிருக்குன்னு அர்த்தம், அந்த இடத்துல கூர் நிக்காது.

விரிசல் இருக்கான்னு பாக்க பழைய முறை ஒண்ணு இருக்கு, செலவே இல்ல. கத்தி முழுக்க மண்ணெண்ணெய் தடவி கொஞ்ச நேரம் விட்டு சுத்தமா துடைச்சிடுங்க, அப்புறம் சாக்பீஸ் பொடிய மெலிசா தூவி வைங்க. விரிசலுக்குள்ள போன எண்ணெய் மெதுவா வெளிய கசிஞ்சு பொடியில கோடா தெரியும். கோடு வந்தா அந்தக் கத்திய டெஸ்டே பண்ணாதீங்க, திருப்பிக் குடுத்துடுங்க.

பிடிக்கு வந்தா, தேக்கு, ஈட்டி, கருவேலம் எதுவா இருந்தாலும் காம்புக்கும் கட்டைக்கும் நடுவுல சந்து இருக்கான்னு வெளிச்சத்துல வச்சுப் பாருங்க, சந்துல தண்ணி போனா உள்ளயே துரு புடிக்கும். மழையிலயும் வேர்வையிலயும் போட்டு அடிக்கப் போறீங்கன்னா மரத்தை விட ஹைலம் ஷீட்ல (பேப்பரையோ துணியையோ பிசின்ல ஊறவச்சு அழுத்தி செஞ்ச தகடு) பிடி போட்டுக்குறது மேல், உப்பாது, வெடிக்காது. பிடியோட குறுக்குவெட்டு முட்டை வடிவத்துல இருக்கணும், முழு உருண்டையா இருந்தா இருட்டுல கையில எடுக்குறப்ப வாய் எந்தப் பக்கம்னு தெரியாது. கையில சோப்புத் தண்ணி பூசிட்டு புடிச்சுப் பாருங்க, வழுக்கி விரல் வாய்ப்பக்கம் ஓடுதுன்னா அது ஆபத்தான பிடி.

இப்ப சாணை, இதைத் தாண்டிப் போகாதீங்க

பட்டறையில வச்சுக் குடுத்த முதல் கூரை வச்சு கத்திய எடை போடக்கூடாது. நான் இந்த ஒரு வரிக்காகத் தான் இவ்வளவும் எழுதுறேன்னு கூட சொல்லலாம். கிரைண்டர் பெல்ட்லயோ சக்கரத்துலயோ வேகமா புடிக்கிறப்ப வாயோட கடைசி மெல்லிய ஓரம் மட்டும் சூடாகும், கலர் கூட மாறியிருக்காது, ஆனா அந்த ஓரம் பலமில்லாம இருக்கும். கல்லுல நிதானமா ரெண்டு மூணு தடவை தீட்டி அதைக் கழிச்சதுக்கு அப்புறம் தான் உள்ள இருக்குற நல்ல இரும்பு வெளிய வரும். முதல் வாரம் மடங்குன வாய், தீட்டுனதுக்கு அப்புறம் கம்பியா நிக்கிறது ரொம்ப சாதாரணமா நடக்கும்.

400, 1000ன்னு (கல்லோட சொரசொரப்பு நம்பர், நம்பர் ஏற ஏற வழவழப்பு) ரெண்டு கல்லு போதும். கோணம் எப்படிப் புடிக்கிறதுன்னு பயப்படுறவங்க ஒரு பேப்பர் மூலைய எடுங்க, அது 90 டிகிரி, ஒரு தடவை மடிச்சா 45, இன்னொரு தடவை மடிச்சா 22.5. அந்த முக்கோணத்தை கல்லு மேல வச்சு அதே சாய்வுல கத்திய புடிங்க. வாய் ஓரத்துல மார்க்கர் பேனாவால கறுப்பு பூசிட்டு தீட்டுனீங்கன்னா எந்த இடம் கல்லுல படுது எது படலன்னு அப்படியே தெரியும். ஒரு பக்கம் தீட்டி மறுபக்கம் முழு நீளத்துக்கும் பிசிறு வந்ததும் திருப்புங்க, கடைசில இடுப்புல கட்டுற பழைய தோல் பெல்ட்டோட உள்பக்கத்துல வாயை பின்னாடி இழுத்து பிசிறை எடுத்துடுங்க. நியூஸ்பேப்பரை சத்தமில்லாம கிழிச்சா சரி.

வாய் டெஸ்ட்

6 மில்லி பித்தளைக் கம்பி ஒண்ணு எடுத்து வைஸ்ல படுக்க வச்சுப் புடிங்க. தீட்டுன அதே கோணத்துல வாயை கம்பி மேல வச்சு மிதமா அழுத்தி நகர்த்துங்க. நல்ல வெளிச்சத்துல பாத்தா கம்பி அழுத்துற இடத்துல வாய் லேசா வளையிறது தெரியும். நகந்ததும் நேராகுதா, அப்ப பதம் சரி. வளைஞ்சது வளைஞ்சபடியே நின்னா பதம் பத்தல, இல்ல வாய் ரொம்ப மெலிசு. பொடிப்பொடியா பல்லு விழுந்தா பதம் ஏறிப்போச்சு, ரெண்டாவது சூடு பத்தல. மூணாவது கேஸ் தான் சுலபம், பிடி போடாத கத்தின்னா 220 டிகிரில மறுபடி வச்சு எடுத்தா சரியாகிடும். ரெண்டாவது கேஸ்ல, பதம் பத்தலைன்னா, முழுசா காய்ச்சி முக்கணும், பிடியைக் கழட்டாம அது நடக்காது.

இதைச் செய்யிறப்ப கண்ணாடி போட்டுக்கங்க, பல்லு தெறிச்சா கண்ணுக்குத் தான் வரும்.

அறுக்குற டெஸ்ட்

12 மில்லி மணிலா கயிறை மரப்பலகை மேல வச்சு, இழுக்காம, மேல இருந்து அழுத்தி மட்டும் அறுங்க. பத்து வெட்டுக்கு ஒரு தடவை நியூஸ்பேப்பர்ல பாருங்க. எத்தனை வெட்டுல பேப்பர் சிக்க ஆரம்பிக்குதுன்னு ஒரு நோட்டுல எழுதி வச்சுக்கங்க, அடுத்த தடவை வேற கோணத்துல தீட்டிட்டு அதே டெஸ்ட் பண்ணி ஒப்பிடலாம். அட்டைப்பெட்டியும் அறுத்துப் பாக்கலாம், ஆனா அதுல பொடி மண்ணு கலந்திருக்கும், எப்பேர்ப்பட்ட கத்தியும் சீக்கிரம் மழுங்கும், அதுக்காக கத்தி மேல கோபப்படாதீங்க. அப்படியே சமையக்கட்டுக்கும் கொண்டு போங்க. வெங்காயம், மாங்காய் நறுக்குனா கார்பன் ஸ்டீல் கறுத்துப்போகும், அது துரு இல்ல, அந்தக் கறுப்பு படிஞ்சா துருப்புடிக்கிறது கொஞ்சம் குறையும்.

கட்டை டெஸ்ட்

முதல்ல சீவல். பச்சை வேப்பங்குச்சியோ பூவரசங்குச்சியோ எடுத்து சுருள் சுருளா சீவுங்க. அரை மணி நேரம் விடாம சீவுனா தான் பிடி எங்க உறுத்துதுன்னு தெரியும், அந்த இடத்தை எமரி பேப்பர் போட்டு தேய்ச்சு சரி பண்ணிக்கலாம். உக்காந்து சீவுறப்ப முழங்கையை முட்டி மேல ஊனிக்கிட்டு கட்டைய முட்டிக்கு முன்னாடி நீட்டிப் புடிங்க, ரெண்டு தொடைக்கு நடுவுல வச்சு சீவவே சீவாதீங்க, தொடையில ஓடுற பெரிய ரத்தக்குழாய்ல பட்டா காட்டுல இருந்து ஆஸ்பத்திரி போறதுக்குள்ள ஆள் தாங்காது.

அடுத்தது கட்டை பொளக்குறது. கணு இல்லாத, கத்தி நீளத்துல மூணுல ரெண்டு பங்குக்கு மிகாத கனத்துல கட்டை எடுத்து நிக்க வச்சு, மேல கத்திய வச்சு, வெளிய நீட்டியிருக்குற முதுகுல இன்னொரு மரத்தடியால தட்டுங்க. சுத்தியல், கல்லு வேணாம். முதல்ல வேம்பு, அப்புறம் காஞ்ச சவுக்கு. சவுக்கு தாண்டி வாய் அப்படியே நின்னா நீங்க குடுத்த காசு வீண் போகல. ஒவ்வொரு கட்டைக்கும் அப்புறம் வாயை வெளிச்சத்துல திருப்பிப் பாருங்க, எங்கயாவது வெள்ளையா மின்னுனா அங்க மழுங்கியிருக்கு இல்ல மடங்கியிருக்கு. ஒரே இடத்துல மட்டும் இருந்தா ஏதோ கணுவுல பட்டிருக்கும், தீட்டிட்டு மறுபடி பாருங்க. முழு நீளத்துக்கும் இருந்தா கோணத்தை 25 டிகிரிக்கு ஏத்துங்க, அதுக்கும் நிக்கலைன்னா தான் ஆசாரிகிட்ட பேசணும்.

வளைச்சுப் பாக்கலாமான்னு கேப்பீங்க. அமெரிக்கன் பிளேட்ஸ்மித் சொசைட்டின்னு 1976ல தொடங்குன ஒரு சங்கம் இருக்கு, அங்க கொல்லருக்கு வைக்கிற பரிட்சைல, தொங்கவிட்ட 1 இன்ச் கயிறை ஒரே வீச்சுல அறுக்கணும், ரெண்டுக்கு நாலு இன்ச் மரச்சட்டத்தை ரெண்டு தடவை வெட்டித் துண்டாக்கணும், அதுக்கப்புறமும் அதே கத்தி கை முடியை மழிக்கணும், கடைசில வைஸ்ல புடிச்சு 90 டிகிரி வளைச்சா உடையக்கூடாது. கேக்க ஆசையா தான் இருக்கும், ஆனா அது பரிட்சைக்குன்னே அடிச்ச கத்தி, அதோட அதுக்கு ஆயுசு முடிஞ்சுது. காசு குடுத்து வாங்குன கத்திய எதுக்கு வளைக்கணும்? யூடியூப்ல கார் டோரை குத்துறது, செங்கல்லை வெட்டுறதெல்லாம் பாக்க ஜாலியா இருக்கும், அதுல இருந்து உங்க கத்தியைப் பத்தி ஒண்ணும் தெரியாது.

உறை, துரு, அப்புறம் எங்க கொண்டு போகலாம்

உறையில போட்டு புல்லுத்தரைக்கு மேல தலைகீழா குலுக்கிப் பாருங்க, கத்தி விழக்கூடாது. தையலுக்கும் வாய்க்கும் நடுவுல ஒரு தோல் பட்டி கூடுதலா வச்சுத் தைச்சிருக்கணும், இல்லேன்னா வாய் நூலை அறுத்துட்டு வெளிய வந்து விரல்ல ஏறும். தோல் வாங்குறப்ப ஆவாரம்பட்டை மாதிரி மரப்பட்டை போட்டு பதப்படுத்துன தோலா பாருங்க, திண்டுக்கல், திருச்சி பக்கம் பழைய தொழில் அது. குரோம் போட்ட மெத்து மெத்து தோல்ல மிச்சமிருக்குற உப்பு இரும்பைத் துருப்புடிக்க வைக்கும். எந்தத் தோலா இருந்தாலும் மாசக்கணக்குல கத்திய உள்ளயே போட்டு வைக்காதீங்க, அதுவும் கடலோர ஊரா இருந்தா. துடைச்சு, தேங்காய் எண்ணெய் லேசா தடவி, வெளிய பேப்பர்ல சுத்தி வைங்க. ரொம்ப நாள் தொடாம வைக்கப் போறீங்கன்னா தேங்காய் எண்ணெய் பிசுபிசுன்னு ஆகிடும், தையல் மெஷின் எண்ணெய் மேல். ஆனா அதைத் தடவுன கத்திய கழுவிட்டு தான் சாப்பாட்டுல வைக்கணும்.

விமானத்துல கைப்பையில கிடையவே கிடையாது, மெட்ரோ ரயில்லயும் விடமாட்டாங்க. சரணாலயம் போறவங்க இதை நல்லா கேட்டுக்கங்க: வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972ல ஆயுதம்னு சொல்ற பட்டியல்ல கத்தியும் இருக்கு, அதோட 31வது பிரிவு, தலைமை வன உயிரினக் காப்பாளர் அனுமதி இல்லாம சரணாலயத்துக்குள்ள ஆயுதம் கொண்டு போகக்கூடாதுன்னு சொல்லுது. இங்க 9 இன்ச் கணக்கெல்லாம் செல்லாது, சின்னக் கத்தியும் கத்தி தான். அதனால முதுமலை, டாப்ஸ்லிப் பக்கம் போறீங்கன்னா வீட்டுலயே வச்சிட்டு போயிடுங்க, கட்டை பொளக்குற ஆசையெல்லாம் சொந்தத் தோட்டத்துலயோ, சொல்லி அனுமதி வாங்குன நண்பர் தோப்புலயோ தீத்துக்கலாம்.