சிங்கப்பூரில் இருந்தபடி ஜெர்மன் மகளிர் பண்டஸ்லீகாவை ஒரு பருவம் முழுக்கப் பின்தொடர

பண்டஸ்லீகா என்றதும் ஆண்கள் லீக்கையே நினைப்பவர்கள்தாம் நம்மூரில் அதிகம். மகளிர் லீக்கைச் செப்டம்பரில் ஆர்வத்தோடு பார்க்கத் தொடங்கி, நவம்பரில் கைவிடுவது எளிது. பெரும்பாலும் நேரக் குழப்பமும், புள்ளிப் பட்டியலை அரைகுறையாக வாசிப்பதும்தான் அதற்குக் காரணம். இரண்டையும் பருவம் தொடங்குமுன் ஒரு மாலைப் பொழுதில் சரிசெய்துவிடலாம். பிறகு வாரத்துக்கு இருபது நிமிடம் ஒதுக்கினால் போதும்.

முதலில் கணக்கு. மகளிர் பண்டஸ்லீகா 1990-91இல் வடக்கு, தெற்கு என்று இரு பிரிவுகளாகத் தொடங்கியது. 1997-98 முதல் 12 அணிகள் கொண்ட ஒரே பிரிவானது. 2025-26இல் அது 14 அணிகளாக விரிந்தது. அதனால் பழைய கட்டுரைகளில் வரும் 22 சுற்று, 132 ஆட்டம் என்ற எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். 14 அணிகள் என்றால் சுற்றுக்கு 7 ஆட்டம், ஓர் அணிக்கு 26 ஆட்டம், மொத்தம் 182. ஓர் அணி எடுக்கக்கூடிய அதிகபட்சப் புள்ளி 78. முதல் மூன்று இடங்கள் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக்குக்கு வழி திறக்கும், கடைசி இரண்டு இடங்கள் கீழ்ப்பிரிவுக்குத் தள்ளும்.

அணிகளை அறிமுகம் செய்துகொள்ளும்போது பெயர்களில் கவனம் வேண்டும். பழைய சாம்பியன் பட்டியலில் ஏழு பட்டங்களோடு நிற்கும் 1. எஃப்எஃப்சி ஃபிராங்ஃபர்ட் 2020இல் ஐன்ட்ராக்ட் ஃபிராங்ஃபர்ட்டோடு இணைந்துவிட்டது. இன்று ஆடுவது ஐன்ட்ராக்ட். ஆறு பட்டங்களும் 2010இன் ஐரோப்பிய சாம்பியன் பட்டமும் வென்ற டர்பைன் போட்ஸ்டாம், 2024-25இல் ஓர் ஆட்டத்தில்கூட வெல்லாமல் கீழிறங்கியது. ஆண்கள் அணியின் பணபலம் பின்னால் இல்லாத மகளிர் அணிக்கு இந்த லீக்கில் காலூன்றுவது எவ்வளவு கடினமாகிவிட்டது என்பதற்கு இதைவிட வேதனையான சான்று இல்லை. எந்த அணியைப் பின்தொடரலாம் என்று யோசிப்பவர்கள் பயர்ன் மியூனிக்கோடும் வொல்ஃப்ஸ்பர்கோடும் நின்றுவிட வேண்டாம். நடுவரிசையில் ஓர் அணியையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள். ஃபிரைபர்க், ஹாஃபன்ஹைம், வெர்டர் பிரேமன் போன்ற அணிகளின் ஆட்டங்களில் முடிவை முன்கூட்டியே சொல்ல முடியாது. பருவத்தின் சுவையே அங்கேதான்.

நேரம்: எல்லாரும் தடுக்கி விழும் இடம்

ஜெர்மனியில் கோடை நேரம் நடக்கும்போது சிங்கப்பூர் 6 மணி நேரம் முன்னால் இருக்கும். குளிர்கால நேரத்தில் 7 மணி நேரம். மாற்றம் அக்டோபரின் கடைசி ஞாயிறும் மார்ச்சின் கடைசி ஞாயிறும் வருகிறது. அப்போது நம்மூரில் ஞாயிறு காலை 9 மணி. அதனால் அந்த வார இறுதியில் ஆட்டங்கள் இருந்தால் சனிக்கிழமைக்கு ஒரு கணக்கு, ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னொரு கணக்கு. அக்டோபரில் அங்கே பிற்பகல் 2 மணிக்குத் தொடங்கும் சனிக்கிழமை ஆட்டம் இங்கே இரவு 8 மணிக்கு. மறுநாள் அதே 2 மணி ஆட்டம் இங்கே இரவு 9 மணிக்கு. தீபாவளியை ஒட்டிய வாரங்கள் என்பதால் வீட்டு வேலையும் விருந்தினரும் சேர்ந்துகொள்ளும். ஒரு மணி நேரம் பிசகினால் முதல் பாதியே போய்விடும்.

மனப்பாடம் செய்ய வேண்டியவை இவ்வளவுதான். அங்கே நண்பகல் 12 என்றால் இங்கே மாலை 6, குளிர்காலத்தில் 7. பிற்பகல் 2 என்றால் இரவு 8 அல்லது 9. மாலை 4 என்றால் இரவு 10 அல்லது 11. மாலை 6.30 என்றால் நள்ளிரவு தாண்டி 12.30 அல்லது 1.30, அதுவும் மறுநாள் தேதியில். வெள்ளி இரவு ஆட்டம் என்று பட்டியலில் இருப்பது நமக்குச் சனிக்கிழமை அதிகாலை. வெளியே நண்பர்களோடு பார்ப்பதாக இருந்தால் ஞாயிறு பிற்பகல் ஆட்டங்களை எடுங்கள். கோடை நேரத்தில் 2 மணி ஆட்டம் இரவு 10 மணிக்கு முன்பே முடிந்துவிடும், கடைசி எம்ஆர்டி ரயிலைப் பற்றிக் கவலை இல்லை.

கைபேசி நாள்காட்டியில் ஆட்டத்தைப் பதியும்போது நீங்களே நேரத்தை மாற்றிப் போடாதீர்கள். ஜெர்மன் நேரத்தை அப்படியே போட்டு, அந்தப் பதிவின் நேர மண்டலத்தை பெர்லின் என்று அமைத்துவிடுங்கள். நாள்காட்டியே சிங்கப்பூர் நேரத்தில் காட்டும், அக்டோபர் மாற்றத்தையும் அதுவே பார்த்துக்கொள்ளும். இருபது ஆட்டங்களைக் கையால் கணக்கிட்டுப் பதிந்தவர்கள் அக்டோபர் கடைசியில் இருபதையும் திருத்த வேண்டி வரும்.

இன்னொன்று. பருவத் தொடக்கத்தில் ஜெர்மன் காற்பந்துச் சங்கம் வெளியிடும் அட்டவணையில் பின்னால் வரும் சுற்றுகளுக்கு வார இறுதி மட்டுமே உறுதி. எந்த நாள், எத்தனை மணி என்பது தவணை தவணையாகப் பிறகு வரும். எனவே வெகு தூரத்தில் இருக்கும் சுற்றுகளை நாள் முழுவதுக்குமான பதிவாகப் போட்டு வையுங்கள், நேரம் அறிவிக்கப்பட்டதும் திருத்துங்கள். சாம்பியன்ஸ் லீக் ஆட்டங்கள் வார நடுவில், அங்கே மாலை 6.45க்கும் இரவு 9க்கும் நடக்கும். குளிர்காலத்தில் நமக்கு அது அதிகாலை 1.45, 4.00. வேலைக்குப் போகிறவர்கள் இவற்றை நேரலையில் பார்க்க முயல வேண்டாம். வாட்ஸ்அப் அறிவிப்புகளை அணைத்துவிட்டு மறுநாள் மாலை மறுஒளிபரப்பைப் பாருங்கள்.

ஒளிபரப்பு உரிமை பருவத்துக்குப் பருவம் கைமாறும். சந்தா கட்டுமுன், அந்தத் தளம் சிங்கப்பூரில் மகளிர் லீக்கையும் சேர்த்துத் தருகிறதா என்று உறுதிசெய்யுங்கள். ஆண்கள் லீக்குக்கான சந்தா எல்லா இடத்திலும் மகளிருக்கும் பொருந்தாது. முடிவுகளைக் காட்டும் செயலிகளிலும் இதே சிக்கல்தான். அணிப் பெயர்கள் ஒன்றே என்பதால் "ஃப்ராவன்" அல்லது மகளிர் என்ற குறி இருக்கிறதா என்று பார்த்த பிறகே அணியைத் தேர்ந்தெடுங்கள்.

உங்களுக்கென ஒரு தாள்

எக்செல் அல்லது கூகல் தாளில் இரண்டு பக்கம் போதும். முதல் பக்கத்தில் 182 வரிசை: சுற்று எண், சிங்கப்பூர் தேதி, சொந்தத் திடல் அணி, வெளியூர் அணி, இடைவேளை நிலவரம், இறுதி முடிவு, ஒரு குறிப்பு. குறிப்பில் சிவப்பு அட்டை, கோல்காவலர் காயம், ஆட்டம் பெரிய அரங்குக்கு மாற்றப்பட்டது போன்றவை. கடைசியாகச் சொன்னது சிறு விஷயமல்ல. பயர்ன் வழக்கமாக ஆடும் பயிற்சி வளாகத் திடலில் சுமார் 2,500 பேருக்குத்தான் இடம். 2025-26 தொடக்க ஆட்டத்தை அலியான்ஸ் அரங்கில் வைத்தபோது 57,000க்கும் மேற்பட்டோர் வந்தார்கள். அப்படிப்பட்ட ஆட்டத்தையும் வழக்கமான ஆட்டத்தையும் ஒரே தட்டில் வைத்து எடைபோட முடியாது.

இரண்டாம் பக்கத்தில் 14 வரிசை, அணிக்கு ஒன்று. சொந்தத் திடல் புள்ளி, வெளியூர்ப் புள்ளி, ஆட்டத்துக்குச் சராசரிப் புள்ளி, மீதமுள்ள கடினமான ஆட்டங்கள் என்று நான்கு பத்திகள். "கடினமான" என்பதற்கு எளிய அளவுகோல் வைத்துக்கொள்ளுங்கள். முந்தைய பருவத்தின் முதல் நான்கு அணிகளை "அ" என்றும், கடைசி நான்கு இடங்களையும் புதிதாக ஏறி வந்தவர்களையும் "இ" என்றும், மற்றவர்களை "ஆ" என்றும் குறியுங்கள். குளிர்கால ஓய்வில் இந்தக் குறிகளை ஒருமுறை மாற்றலாம். அதற்கு மேல் மாற்றினால் ஒவ்வொரு தோல்விக்கும் குறி மாற்றிக்கொண்டே இருப்பீர்கள், அளவுகோலே பயனற்றுப் போகும்.

பட்டியலை எப்படி வாசிப்பது

பதின்மூன்றாம் சுற்று முடியும்வரை பட்டியலை முழுதாக நம்பாதீர்கள். அப்போதுதான் எல்லாரும் எல்லாரோடும் ஒருமுறை மோதியிருப்பார்கள். ஆறாம் சுற்றில் முதலிடத்தில் இருக்கும் அணி "அ" அணிகளில் ஒன்றைக்கூடச் சந்திக்காமல் இருக்கலாம். உங்கள் இரண்டாம் பக்கம் அதைக் காட்டிக்கொடுக்கும்.

ஜனவரி, பிப்ரவரியில் உறைந்த திடலால் ஆட்டங்கள் தள்ளிப்போவதுண்டு. அந்த வாரங்களில் புள்ளியைப் பார்க்காமல் சராசரியைப் பாருங்கள். 14 ஆட்டத்தில் 30 புள்ளி எடுத்த அணியின் சராசரி 2.14. 13 ஆட்டத்தில் 29 எடுத்த அணியின் சராசரி 2.23. பட்டியலில் கீழே இருக்கும் அணிதான் உண்மையில் முன்னால் இருக்கிறது. ஆனால் விடுபட்ட அந்த ஓர் ஆட்டம் யாருக்கு எதிராக என்பதையும் பாருங்கள். வொல்ஃப்ஸ்பர்க்கில் ஆட வேண்டிய ஆட்டம் என்றால் அந்த மூன்று புள்ளியை இப்போதே கணக்கில் சேர்க்க முடியாது.

பட்டம் வெல்ல எவ்வளவு தேவை? 2023-24இல் பயர்ன் ஒரு தோல்விகூட இல்லாமல் 22 ஆட்டத்தில் 19 வெற்றி, 3 சமநிலையோடு 60 புள்ளி எடுத்தது. சராசரி 2.73. அதே வேகத்தில் 26 ஆட்டம் என்றால் ஏறத்தாழ 71. இதை உச்சவரம்பாக வைத்துக்கொள்ளுங்கள். முன்னணி அணி 2.5க்குக் கீழே இறங்கினால் போட்டி திறந்திருக்கிறது என்று பொருள். கீழே தப்பிப்பதற்கு ஆட்டத்துக்கு ஒரு புள்ளி என்ற கணக்கு பாதுகாப்பானது. மேல் அணிகளுக்கும் கீழ் அணிகளுக்கும் இடைவெளி பெரியது என்பதால் அதைவிடக் குறைவாக எடுத்தும் தப்பிக்க முடியும். "இ" அணிகள் தங்களுக்குள் மோதும் ஆட்டங்களே அவர்களின் விதியை எழுதும். ஒரு சுற்றின் 7 ஆட்டங்களையும் பார்க்க முடியாத வாரத்தில் இப்படியோர் ஆட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்.

நண்பர்களோடு கணிப்புப் போட்டி

ஜெர்மனியில் அலுவலகம் அலுவலகமாக நடக்கும் வழக்கம் இது. ஐந்து முதல் பத்துப் பேர் போதும். சரியான கோல் எண்ணிக்கைக்கு 4 புள்ளி, கோல் வித்தியாசம் சரியென்றால் 3, வெல்லும் அணி மட்டும் சரியென்றால் 2. சமநிலையில் வித்தியாசம் எப்போதும் பூஜ்யம் என்பதால், எண்ணிக்கை தவறான சமநிலைக் கணிப்புக்கு 2 மட்டும் கொடுங்கள். இதை முதலிலேயே எழுதி வைக்காவிட்டால் மூன்றாம் வாரமே வாக்குவாதம் வரும்.

கணிப்புக்கான கடைசி நேரம் சிங்கப்பூர் வெள்ளி இரவு 9 மணி. "முதல் ஆட்டம் தொடங்கும்வரை" என்று வைத்தால், சனிக்கிழமைதானே ஆட்டம் என்று எண்ணி வெள்ளி நள்ளிரவு ஆட்டத்தைத் தவறவிடுவோர் நிச்சயம் இருப்பார்கள். பயர்ன் கடைசி இட அணியோடு மோதினால் எல்லாரும் 4-0 என்றே எழுதுவார்கள், புள்ளி பிரியாது. ஆகவே சுற்றுக்கு ஒரு நடுவரிசை ஆட்டத்தை இரட்டைப் புள்ளி ஆட்டமாக அறிவியுங்கள். தள்ளிப்போன ஆட்டத்துக்குப் பழைய கணிப்பே செல்லும்.

காசு வைக்காதீர்கள். 2022ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம் வீட்டில் நண்பர்களும் குடும்பத்தாரும் நேரில் கூடி ஆடுவதற்குத் தரும் விலக்கு இணையவழிப் பந்தயத்துக்குப் பொருந்தாது. வாட்ஸ்அப்பில் ஐந்து வெள்ளி என்றாலும் அதே கதைதான்.

கடைசிச் சுற்று

26ஆம் சுற்றின் ஆட்டங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் தொடங்கும். ஒரு திரையில் பட்ட ஆட்டம், இன்னொன்றில் நேரடிப் பட்டியல் என்று வைத்துக்கொள்ளுங்கள். புள்ளி சமமானால் முதலில் கோல் வித்தியாசம், அதற்கடுத்து அடித்த கோல். 2008-09இல் போட்ஸ்டாமும் பயர்னும் ஒரே புள்ளியில் முடித்தன. ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் பட்டம் போட்ஸ்டாமுக்குப் போனது. ஆகவே 3-0 என்று முன்னிலையில் இருக்கும்போதும் நான்காவது கோலுக்கு ஓடுவதன் காரணம் உங்கள் தாளில் இருக்கும்.

ஜெர்மன் கிண்ண இறுதியாட்டத்தையும் மறந்துவிடாதீர்கள். 2010 முதல் அது கொலோன் நகரில் நடக்கிறது. அண்மை ஆண்டுகளில் மே மாதத்தில் அங்குள்ள பொது விடுமுறை நாள் ஒன்றில் வந்திருக்கிறது. 2025இல் மே 1, நமக்கும் தொழிலாளர் தின விடுமுறை.

அடுத்த பருவத் தாளைத் தயாரிக்கும்போது இரண்டாம் பிரிவின் முதல் இரு இடங்களை அப்படியே எடுத்து எழுதாதீர்கள். பெரிய மன்றங்களின் இரண்டாம் அணிகளும் அங்கே ஆடுகின்றன, அவை மேலே ஏற முடியாது. அப்படி ஓர் அணி முதல் இரண்டில் இருந்தால் அடுத்த இடத்தில் இருக்கும் அணிக்கே வாய்ப்பு. அதற்கும் கீழே ஐந்து வட்டாரங்களாகப் பிரிந்த மூன்றாம் நிலை இருக்கிறது. சிங்கப்பூரின் டனெல் டான் 2023இல் சேர்ந்த பொருசியா டோர்ட்மண்ட் மகளிர் அணி அதற்கும் கீழே இருந்தது. 2021இல் யாருடைய இடத்தையும் வாங்காமல் அடிமட்டத்திலிருந்தே ஏறத் தொடங்கிய அணி அது. இப்படி ஏறி வரும் அணிகளுக்குத் தாளின் கடைசியில் மூன்று நான்கு வரிசை ஒதுக்கி, மாதம் ஒருமுறை நிரப்பினால் போதும்.