செல்லப் பிராணிகள் உள்ள வீட்டில் சமையலறைத் தரை: டைல்ஸை விட இடுக்கைக் கவனியுங்கள்

எங்கள் சமையலறை 10 அடிக்கு 9 அடி. ஐந்து ஆண்டுகளில் அதற்கு இரண்டு முறை தரை போட்டுவிட்டோம். முதல் முறை, கடை விளக்கில் கண்ணாடி போல் மின்னிய வெள்ளை டைல்ஸைப் பார்த்து மயங்கி வாங்கினோம். வயதான எங்கள் நாட்டு நாய் அதன்மேல் எழுந்து நிற்க முயலும்போதெல்லாம் பின்னங்கால்கள் ஆளுக்கொரு பக்கம் விலகின. பூனை ஒரு மூலையில் சிறுநீர் கழித்த பிறகு, எத்தனை முறை கழுவியும் மழைக்காலம் வந்தால் அந்த வாடை திரும்ப எழுந்தது. இரண்டாம் முறை செய்ததை வரிசையாக எழுதுகிறேன். பழைய தரையை உடைப்பதும் மட்டம் பார்ப்பதும் கொத்தனாருக்குத் தெரிந்த வேலை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

படி 1: வேண்டாதவற்றைக் கழித்துவிடுங்கள்

மார்பிளும் கோட்டா கல்லும் சுண்ணாம்புச் சத்துள்ள கற்கள். எலுமிச்சைச் சாறோ புளிக்கரைசலோ சிந்திச் சற்று நேரம் கிடந்தால் மெருகு போய் வெளிறிய தடம் விழும். ஆத்தங்குடி டைல்ஸ் எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் அது சூளையில் சுடப்படாமல், கண்ணாடியின்மேல் வார்த்துக் காயவைக்கப்படும் சிமென்ட் ஓடு என்பதால் கறையையும் ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். அதற்கு மெருகேற்றத் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைக்கும் வழக்கமும் நாய் உள்ள வீட்டுக்கு ஒத்துவராது. என் தேர்வு மேட் ஃபினிஷ் (பளபளப்பில்லாத மேற்பரப்பு) விட்ரிஃபைடு டைல்ஸ், அதாவது அதிக வெப்பத்தில் சுட்டுக் கண்ணாடிபோல் இறுகவைத்தவை. அது நீரை உறிஞ்சும் அளவு அரை சதவீதத்துக்கு மேல் போகாது. நாயின் நகம் எளிதில் கீறாது.

படி 2: கடையிலேயே சோதியுங்கள்

வழுக்காத தன்மையை ஆர்-9, ஆர்-10, ஆர்-11 என்று குறிப்பார்கள். எண்ணெய் தடவிய சரிவுப் பலகையில் ஆளை நடக்கவிட்டு, எத்தனை பாகைச் சரிவு வரை கால் நிற்கிறது என்று பார்க்கும் ஜெர்மானியச் சோதனையிலிருந்து வந்த எண்கள் இவை. ஆர்-10 என்றால் 10 முதல் 19 பாகை வரை. சமையலறைக்கு அதுவே போதும். அதைவிடச் சொரசொரப்பானது நாய்க்கு நல்லதுதான், ஆனால் துடைக்கும் துணியை இழுத்துப் பிடிக்கும். முடியும் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் தங்கிவிடும்.

பெட்டியில் எண் அச்சிடப்படவில்லை என்றால், டைல்ஸைத் தரையில் வைத்துத் தண்ணீர் ஊற்றி, வெறுங்காலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். ஒரு துண்டைக் கேட்டு வாங்கி வந்து, மஞ்சள்தூளை நல்லெண்ணெயில் குழைத்து இரவு முழுக்க அதன்மேல் விட்டுவிடுங்கள். காலையில் சோப்புத் தண்ணீரில் போகவில்லை என்றால் அந்த ரகம் வேண்டாம். நிறத்தைப் பொறுத்தவரை, எங்கள் நாய் வெளிர்நிறம் என்பதால் கருந்தரையில் ஒவ்வொரு முடியும் கண்ணில் படும். புள்ளிகள் கலந்த நடுத்தரச் சாம்பல் நிறமே காப்பாற்றியது.

படி 3: அளவு

2 அடிக்கு 2 அடி டைல்ஸையே வாங்குங்கள். 1 அடி டைல்ஸோடு ஒப்பிட்டால் அதே பரப்பில் டைல்ஸுக்கு இடையிலான இடுக்குகளின் மொத்த நீளம் பாதியாகக் குறையும். எங்கள் 90 சதுர அடியோடு வெட்டுச் சேதாரத்துக்குப் பத்து சதவீதம் கூட்டினால் 99 சதுர அடி. நான்கு டைல்ஸ் கொண்ட ஒரு பெட்டி ஏறத்தாழ 15.5 சதுர அடி என்பதால் ஏழு பெட்டிகள் தேவைப்பட்டன. எல்லாப் பெட்டிகளிலும் ஒரே பேட்ச் எண் (ஒரே தடவையில் தயாரித்ததைக் காட்டும் எண்) இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

படி 4: இடுக்கு (நான் சறுக்கிய இடம்)

வாடை வந்தது டைல்ஸிலிருந்து அன்று. அவற்றுக்கிடையே நிரப்பியிருந்த வெள்ளை சிமென்டிலிருந்து. அது நுண்துளைகள் உள்ள பொருள். உள்ளே இறங்கிய சிறுநீரின் யூரிக் அமிலம் தண்ணீரில் எளிதில் கரையாத படிகமாகத் தங்கி, காற்றில் ஈரம் கூடும்போது மீண்டும் நாற்றத்தைக் கிளப்புகிறது.

இடுக்கே விடாமல் நெருக்கி ஒட்டினால் போகிறது என்று டைல்ஸ் போடுபவர் சொல்வார், ஒப்புக்கொள்ளாதீர்கள். அப்படி ஒட்டினாலும் மயிரிழை இடைவெளி இருக்கவே செய்யும், அதற்குள் எதையும் நிரப்ப முடியாது. 2 மில்லிமீட்டர் ஸ்பேசர் (இடைவெளி சமமாக இருக்க வைக்கும் சிறு துண்டு) வைக்கச் சொல்லி, அந்த இடுக்கில் எப்பாக்ஸி கிரௌட் (பிசின் கலந்த இடுக்கு நிரப்பும் கலவை) நிரப்புங்கள். கிலோ விலையைக் கேட்டால் மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் பெரிய டைல்ஸ், குறுகிய இடுக்கு என்பதால் ஸ்கர்ட்டிங் (சுவரின் அடியில் ஒட்டும் டைல்ஸ் பட்டை) உட்பட எங்களுக்கு இரண்டு 1 கிலோ பொட்டலங்களில் ஒன்றரைதான் செலவாயிற்று.

ஒட்டிய மறுநாள், இடுக்குகளில் பிதுங்கி நிற்கும் பசையைச் சுரண்டி, தூசியும் ஈரமும் இல்லாமல் துடைத்தெடுங்கள். பொட்டலத்தில் உள்ள இரண்டு திரவங்களையும் முதலில் நன்றாகக் கலந்து, பிறகு பொடியைச் சேர்க்க வேண்டும். கண் மதிப்பில் பாதி எடுத்துக் கலந்தால் சில இடங்களில் இறுகாமலே நிற்கும். ஒரு முறைக்கு ஒரு 1 கிலோ பொட்டலம், அதற்கு மேல் வேண்டாம். கோடை வெயிலில் கலவையானது, பெட்டியின் அட்டையில் போட்டிருக்கும் நேரத்துக்கு முன்பே இறுகிவிடும் என்பதை அறியாமல், நான் ஏப்ரல் மாத நண்பகலில் மொத்தத்தையும் கலக்கச் சொல்லி, நடுவில் தேநீர் குடிக்கவும் அனுப்பிவைத்தேன். டைல்ஸின் மேல் படிந்த பிசின் படலத்தை மூன்று நாட்கள் பிளேடால் சுரண்டினோம். மேட் ஃபினிஷில் அந்தப் படலம் இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும்.

ஆகவே காலை ஏழு மணிக்கே தொடங்குங்கள். ரப்பர் பட்டையால் இடுக்குக்குக் குறுக்குச் சாய்வாக இழுத்து நிரப்பி, நான்கைந்து டைல்ஸ் முடிந்ததும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த நைலான் நாரால் மெதுவாகத் தேய்த்து, உடனே ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். வாளித் தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள். அறையை விட்டுக் கிளம்புமுன் கைவிளக்கைத் தரையோடு படுக்கவைத்து அடித்துப் பார்த்தால் எஞ்சிய படலம் தெரியும். ஒரு நாள் முழுக்க நாயையும் பூனையையும் உள்ளே விடாதீர்கள். தரை சுவரைத் தொடும் மூலையில் மட்டும் கிரௌட்டுக்குப் பதில் சிலிக்கோன் (ரப்பர்போல் நெகிழும் அடைப்புப் பசை) வைப்பதே நல்லது. அங்கே கிரௌட் விரிசல் விடும்.

படி 5: துடைப்பது

பீனாயிலை நிறுத்திவிட்டோம். பீனால் வகைச் சேர்மங்களைப் பூனையின் கல்லீரலால் எளிதில் சிதைக்க முடியாது; பூனையோ தரையில் நடந்த பாதங்களை நக்குவது. அம்மோனியா உள்ள திரவங்களும் வேண்டாம். அந்த மணம் பூனையை அதே இடத்துக்கு மறுபடி அழைக்கும். அன்றாடத்துக்கு மிதமான சோப்புத் தண்ணீரும் தட்டையான மைக்ரோஃபைபர் துடைப்பானும் போதும்; நூல் துடைப்பானில் முடி சிக்கிக்கொண்டு பிரிவதே இல்லை. சிறுநீர் பட்ட இடத்துக்கு மட்டும் நொதிகள் கலந்த திரவம் பயன்படுத்துகிறேன்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், பழைய மொசைக் தரையை உடைக்காமல் அதன்மேலேயே ஒட்டலாமா என்று கேட்டிருந்தார். தட்டிப் பார்த்து எங்கும் பொள்ளல் ஓசை வரவில்லை என்றால், அதற்கென உள்ள டைல்ஸ் பசையைக் கொண்டு ஒட்டலாம். தரை அரை அங்குலத்துக்கு மேல் உயரும் என்பதால் கதவின் அடியை முதலிலேயே அளந்துகொள்ளுங்கள். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு வினைல் விரிப்பு உதவும். ஆனால் ஒட்டுப் போடாத ஒரே துண்டாக வாங்கி, ஓரங்களை நாடா ஒட்டி முழுவதுமாக மூடிவிடுங்கள். ஓரம் வழியாக அடியில் இறங்கும் சிறுநீர், விரிப்பைத் தூக்கும் வரை தெரியாது.