ஓசூர் பக்கத்திலிருந்து பெங்களூரு ஏர்போர்ட் போவது எப்படி?

முதலில் ஒன்று: பழைய எச்ஏஎல் விமான நிலையம் ஊருக்குள்ளேயே இருந்தது, ஆனால் 2008 மே மாதம் தேவனஹள்ளியில் புதியது திறந்ததும் பயணிகள் விமானம் எல்லாம் அங்கே போய்விட்டது, அதாவது ஓசூர்க்காரர்கள் நகரத்தையே குறுக்காகக் கடந்து வடக்குக் கோடிக்குப் போக வேண்டும். எலக்ட்ரானிக் சிட்டியில் வாயு வஜ்ரா ஏசி பஸ் பிடியுங்கள். பெட்டி வைக்க இடம் உண்டு. சில்க் போர்டு, ஹெப்பாள் நெரிசலுக்கு (அது தனிக் கதை) தாராளமாக நேரம் ஒதுக்குங்கள், மாலை என்றால் இன்னும் கூடுதலாக. அப்புறம், வெளிநாட்டு விமானங்கள் 2023 செப்டம்பரிலிருந்து இரண்டாம் டெர்மினலில்தான். உள்நாட்டுப் பயணமா? டிக்கெட்டில் டெர்மினல் எண்ணைப் பார்த்துவிட்டே இறங்குங்கள்.