நிலம் ஆடாமலே கடல் வரும்: ராமநாதபுரம் கரையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நில அதிர்வு வரைபடத்தில் ராமநாதபுரம் மாவட்டம் ஆபத்து குறைந்த இரண்டாம் மண்டலத்தில் இருக்கிறது. "நமக்கெல்லாம் பூகம்பம் வராது" என்ற நினைப்பு இதிலிருந்துதான் வருகிறது. முதல் தவறும் அதுவே. நம் காலடி மண் எவ்வளவு குலுங்கக்கூடும் என்பதைத்தான் மண்டலம் சொல்லும். எங்கோ ஆடிய நிலத்தின் அலை நம் கரைக்கு வருமா என்று அது சொல்லாது. 2004 டிசம்பர் 26 காலை ஆறரை மணியளவில் சுமத்ரா அருகே 9.1 அளவில் நிலம் உடைந்தது. ராமேஸ்வரத்திலிருந்து அந்த இடம் ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர். தமிழகக் கரையை அலை தொடுவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நிலம் ஆடட்டும், அப்புறம் ஓடலாம் என்று இருப்பவருக்கு அந்த இரண்டு மணி நேரமும் வீணாகப் போகும்.

"இலங்கை குறுக்கே நிற்கிறது, நம்மைக் காக்கும்" என்பதும் பாதி உண்மைதான். 2004இல் நாகப்பட்டினம், கன்னியாகுமரி அளவுக்கு நம் மாவட்டம் அடிபடவில்லை. ஆனால் சுனாமி அலை தீவைச் சுற்றி வளைந்து வரும். அன்று கன்னியாகுமரிக் கரையை அடித்ததும் அப்படி இலங்கையைச் சுற்றி வந்த அலைதான்.

கடல் உள்வாங்கும்போது

பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் கடல் உள்வாங்குவது பழகிப்போன காட்சி. காற்றும் நீரோட்டமும் மாறும்போது நாட்டுப்படகுகள் தரைதட்டிச் சாய்ந்து கிடக்கும், பாசியும் சங்கும் வெளியே தெரியும், பிள்ளைகள் இறங்கிப் பொறுக்குவார்கள். இந்தப் பழக்கம்தான் பயமாக இருக்கிறது. காற்றால் உள்வாங்கும் நீர் மெல்ல மெல்ல, மணிக்கணக்கில் இறங்கும். சுனாமிக்கு முன் இறங்கும் நீர் சில நிமிடங்களில் விறுவிறுவென்று ஓடும். தூரத்தில் இரைச்சலும் கேட்கலாம். கண்ணெதிரே படகு மிதப்பதிலிருந்து தரைதட்டினால் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள், பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

நேர் எதிரான தவறும் உண்டு. கடல் உள்வாங்கினால்தான் சுனாமி என்று நம்புவது. 2004இல் தாய்லாந்துப் பக்கம் கடல் முதலில் பின்வாங்கியது. இந்தியா, இலங்கை இருக்கும் மேற்குப் பக்கம் பெரும்பாலும் நீர் முதலில் ஏறியே வந்தது. கடல்தளத்தின் எந்தப் பக்கம் உயர்ந்தது, எந்தப் பக்கம் தாழ்ந்தது என்பதைப் பொறுத்த விஷயம் அது.

முதல் அலை வடிந்ததும் வீட்டையும் வலையையும் பார்க்கத் திரும்புவது அடுத்த தவறு. இரண்டாவதோ மூன்றாவதோ முதல் அலையைவிடப் பெரிதாக இருக்கலாம், இடைவெளி ஒரு மணி நேரம் வரைகூட ஆகலாம். மாவட்ட நிர்வாகம் சொல்லும்வரை திரும்பக் கூடாது. எச்சரிக்கையைக் கணித்து அனுப்புவது ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. "இன்று இரவு ஒன்பது மணிக்கு நிலநடுக்கம்" என்று வாட்ஸ்அப்பில் வருவதைப் பரப்பாதீர்கள். நிலநடுக்கத்தை நேரம் குறித்துச் சொல்ல உலகில் யாராலும் முடியாது. பள்ளிவாசல், மாதா கோயில், அம்மன் கோயில் ஒலிபெருக்கிகள்தான் ஊரை எழுப்பும். ஆனால் கரண்ட் போனால் அவையும் ஊமை. ஒன்றுக்காவது பேட்டரி இணைப்பு போட்டு, மாதம் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

பாலத்தை நோக்கி ஓடுவது

ராமேஸ்வரம் தீவிலிருந்து வண்டி வெளியேற ஒரே சாலைதான், பாம்பன் பாலம் வழியாக. யாத்திரை வண்டிகளும் உள்ளூர் வண்டிகளும் ஒன்றாகப் புறப்பட்டால் பாலத்திலேயே நெரிசலில் மாட்டிக்கொள்வோம். கந்தமாதன மேடு, தீவின் நடுவே உள்ள மணல்மேடுகள், கான்கிரீட் தூண் போட்ட கட்டடத்தின் இரண்டாம் மாடிக்கு மேல், இப்படி நடந்தே போகும் இடத்தைத் தெருவுக்குத் தெரு முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். படுக்கையில் இருக்கும் பாட்டியை யார் தூக்குவது என்பதையும் பெயர் சொல்லிக் குறித்துவையுங்கள். ஒருநாள் நடந்து பார்த்து நிமிடக் கணக்கு எடுங்கள். தனுஷ்கோடிக்கு மட்டும் வேறு விதி. அங்கே ஏறுவதற்கு மேடில்லை, ஒரு பக்கம் ஆண்கடல் எனும் மன்னார் வளைகுடா, மறுபக்கம் பெண்கடல் எனும் பாக் கடல். செய்தி வந்த நிமிடமே அரிச்சல்முனையிலிருந்து மேற்கே கிளம்பிவிட வேண்டும்.

கடலில் இருப்பவர்கள்

பதறிக் கரைக்கு ஓட்டி வருவதுதான் அதிகம் நடக்கும். ஆழத்தில் சுனாமி அலை படகுக்குத் தெரியவே தெரியாது. ஆழம் குறைய அது எழும்பும். மன்னார் வளைகுடாவில் இருப்பவர்கள் தீவுகளைத் தாண்டித் தெற்கே 50 பாகத்துக்கும் (ஒரு பாகம் சுமார் ஆறு அடி) மேலான ஆழத்துக்குப் போகலாம். முயல் தீவு, அப்பா தீவு பின்னால் ஒதுங்குவது ஆபத்து, பவளப்பாறை மேட்டில்தான் அலை உடையும். பாக் விரிகுடாவில் இந்த வழியே கிடையாது. அங்கே பெரும்பாலும் ஆறேழு பாகத்துக்கு மேல் ஆழம் இல்லை. எனவே அந்தப் பக்கம் தேவிபட்டினம், தொண்டிப் படகுகள் எச்சரிக்கை வந்ததும், நேரம் தாராளமாக இருந்தால் கரை சேர்ந்து, படகைக் கட்டிப்போட்டு, கரையை விட்டு உள்பக்கமாக நடந்துவிட வேண்டும். படகைக் காக்க மறுபடி இறங்காதீர்கள். படகை மறுபடி வாங்கிக்கொள்ளலாம்.

வீடு ஆடினால்

நில ஆட்டம் இங்கே அறவே இல்லை என்பதில்லை. 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலுக்கடியில் 5.5 அளவில் அதிர்ந்ததைத் தமிழகத்தில் பல ஊர்கள் உணர்ந்தன. ஆடும்போது வெளியே ஓடுபவர்மேல்தான் சன்சைடும் கைப்பிடிச் சுவரும் விழும். உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்து, காரை பொரிந்து தொங்கும் சன்சைடு நம் ஊரில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். குனிந்து மேசைக்கடியில் தலையை மறைத்து, மேசையின் காலைப் பிடித்துக்கொள்வது நல்லது. மொட்டை மாடியில் செங்கல் தூண்மேல் நிற்கும் 1,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி ஒரு டன் எடை. தாழ்வாக, கான்கிரீட் மேடையில் வையுங்கள். பவளக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய சுவர்களுக்குப் பிடிப்பு இல்லை, அவற்றை ஒட்டிக் கட்டில் போடாதீர்கள். ஈர மணலில் குதிகாலால் தட்டிப் பாருங்கள்: நீர் மேலே வந்து மணல் குழைந்துபோகும். பலமான ஆட்டத்தில் நீரேறிய மணல்மேல் கட்டிய அடித்தளத்துக்கும் இதே கதிதான். ஆட்டம் 20 விநாடிக்கு மேல் நீடித்தால், அது நின்றதும் அறிவிப்புக்குக் காத்திராமல் மேட்டுக்குப் போங்கள். போகும்போது கேஸ் ரெகுலேட்டரை மூடுங்கள். வாடை வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாதீர்கள்.

இடிந்த இடத்தில் முதலில் ஜேசிபி ஏற்றக் கூடாது. எல்லோரும் கத்தாமல் ஒரு நிமிடம் அமைதியாக நின்று, தட்டும் சத்தம் வருகிறதா கேளுங்கள். கடப்பாரை, ஜாக்கி, கப்பி, கயிறு நம் படகுத்துறையிலேயே இருக்கின்றன. கால் நெடுநேரம் நசுங்கிக் கிடந்தவரை இழுப்பதற்கு முன் 108-க்குச் சொல்லி, எவ்வளவு நேரமாக மாட்டியிருக்கிறார் என்பதையும் கூறுங்கள். அழுத்தம் சட்டென்று விலகினால் நசுங்கிய தசையின் நச்சு இரத்தத்தில் கலந்து இதயத்தை நிறுத்தக்கூடும்.

கடல் ஏறிய கிணற்றை மோட்டார் வைத்து வற்ற இறைப்பது கடைசித் தவறு. நம் மணலில் நல்ல தண்ணீர் உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. வேகமாக இறைத்தால் கீழிருக்கும் உப்பு மேலேறி, ஊற்றே கெட்டுப்போகும். வாளியால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, மழையைக் கழுவ விடுங்கள். கிருமிக்கு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர்: 3 மீட்டர் விட்டமும் 2 மீட்டர் நீருமுள்ள கிணற்றில் சுமார் 14,000 லிட்டர், அதற்கு 35 கிராம். வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிந்ததை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் பொறுங்கள். குளோரின் உப்பை எடுக்காது. ஆகவே ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் வீதம் மூன்று நாள் குடிநீரை மூடிய கேனில் முன்பே நிரப்பி வையுங்கள்.