பறைக்கு ஒரு கட்டம், பரதத்துக்கு ஒரு கட்டம்: பண்பாட்டு வகைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சமூகவியல் விடைத்தாள் திருத்தும்போது வருஷா வருஷம் ஒரே அட்டவணை கண்ணில் படும். இடப்பக்கம் 'உயர் பண்பாடு: பரதநாட்டியம், கர்நாடக இசை'. வலப்பக்கம் 'நாட்டார் பண்பாடு: பறையாட்டம், ஒப்பாரி, கும்மி'. பாடத்தை ஒட்டிய விடைதான்; மதிப்பெண்ணும் போட்டுவிடுவேன். ஆனால் நடுவில் இருக்கும் கோட்டை யார் போட்டார்கள், எப்போது போட்டார்கள் என்று எழுதியவர் யோசித்த தடயமே இருக்காது. அங்கேதான் முதல் தவறு.

பரதத்தையே எடுத்துக்கொள்வோம். நூறு வருஷத்துக்கு முன் அதைச் சதிர் என்றார்கள். கோயிலிலும் அரண்மனையிலும் பெரிய வீட்டுக் கல்யாணங்களிலும் தேவதாசிகள் ஆடினார்கள், நட்டுவனார்கள் ஜதி சொன்னார்கள். நகரத்து மேல்தட்டு தன் வீட்டுப் பெண்களை அதன் பக்கமே விடவில்லை. 1930-களில் அந்த ஆட்டம் பெயர் மாறிச் சபா மேடை ஏறியது. 1935-ல் ருக்மிணி தேவி அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில் ஆடினார். 1936-ல் அவருடைய நடனப் பள்ளியான கலாக்ஷேத்ரா பிறந்தது. 1947-ல், பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சட்டம் ஒழித்தது. வந்தே தீர வேண்டிய சட்டம் அது. ஆனால் அந்தக் குடும்பங்களில் பலர் ஆட்டத்தையே விட்டுவிட்டார்கள். பாலசரஸ்வதி போல ஒரு சிலர்தான் தொடர்ந்தார்கள். சபா மேடைக்குக் கொண்டுபோன புதியவர்கள் சிருங்காரத்தை, அதாவது காதல் சுவையை, குறைத்தார்கள், உடையை மாற்றினார்கள். அடிப்படை அசைவுகளான அடவும் அபிநயப் பாட்டான பதமும் பெரும்பாலும் சதிரில் இருந்து வந்தவைதான். ஆடுகிறவரும் பார்க்கிறவரும் மாறியபோது 'உயர்' என்ற அடைமொழி கூடவே வந்து ஒட்டிக்கொண்டது.

இனி பறை. அடிப்பதற்கு முன் வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சுவார்கள். சூடு ஏற ஏறத்தான் சத்தம் கணீரென்று எழும். ஒரு கையில் நீண்ட மெல்லிய சிண்டுக்குச்சி, மறு கையில் கட்டையான அடிக்குச்சி. விரல் பழக மாதக்கணக்காகும். சாவு வீட்டில் அடிப்பதை ஒரு சாதியின் மேல் கட்டாய வேலையாகச் சுமத்தி வைத்திருந்தார்கள். அதனால் இனிப் பறையைத் தொட மாட்டோம் என்று போராடியவர்களும் உண்டு, அதையே விடுதலையின் இசை என்று கையில் எடுத்தவர்களும் உண்டு. இன்று கல்லூரி மேடைகளில் பெண்கள் இடுப்பில் துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு அடிக்கிறார்கள். இத்தனையையும் 'நாட்டார் பண்பாடு' என்ற ஒரு கட்டத்தில் அடைத்தால், பறை அடித்தவர்களின் கையை யார் கட்டினார்கள், அந்தக் கட்டு எப்படி அவிழ்ந்தது என்ற கதையே காணாமல் போய்விடும்.

அடுத்த தவறு சொல்லிலிருந்தே வருகிறது. 'பண்பாடு' என்பதற்குள் பண்பு உட்கார்ந்திருக்கிறது. அதனால் நல்லதுதான் பண்பாடு என்று மனசு சாய்ந்துவிடும். 'கலாச்சாரம் இல்லாதவன்' என்று திட்டுகிறோமே, சமூகவியலில் அப்படி ஒருவர் கிடையாது. 1871-ல் மானிடவியலாளர் எட்வர்ட் டைலர் தந்த விளக்கத்தில் அறிவு, நம்பிக்கை, கலை, ஒழுக்கம், சட்டம், வழக்கம் எல்லாம் அடங்கும். மனிதர் சமூகத்தில் வாழ்ந்து கற்றுக்கொண்டதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். சோறு பிசையும் விதமும் பண்பாடு, வரதட்சணையும் பண்பாடு.

இதன் மறுபக்கத்தில் வழுக்குகிறவர்கள்தான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறார்கள். தன் பண்பாட்டை அளவுகோலாக வைத்து மற்றவர்களை அளப்பது தவறு என்று படித்ததும், 'அது அவங்க கலாச்சாரம், நாம என்ன சொல்றது' என்று ஒதுங்கிவிடுகிறார்கள். டீக்கடையில் தனிக் குவளை வைப்பதும் சாதி மாறிக் காதலித்த பிள்ளையைக் கொல்வதும் எந்த நம்பிக்கையில் வேர் விட்டிருக்கின்றன என்று புரிந்துகொள்வது சமூகவியலின் வேலை. ஒரு பண்பாட்டை அதன் சூழலில் வைத்தே புரிந்துகொள்ளச் சொல்வதுதான் பண்பாட்டுச் சார்புவாதம்; புரிந்துகொண்டதும் அதற்குத் தலையாட்ட வேண்டும் என்று அது எங்கேயும் கேட்கவில்லை.

துணைப் பண்பாட்டையும் எதிர்ப்பண்பாட்டையும் குழப்பாத ஆள் அபூர்வம். வடசென்னைக் கானாவுக்கு அதற்கேயான சொல், தாளம், ரசிகர் எல்லாம் உண்டு. ஆனாலும் பொதுச் சமூகத்தின் அடிப்படை விதிகளைக் கவிழ்ப்பது அதன் நோக்கமில்லை. அது துணைப் பண்பாடு. சுயமரியாதைத் திருமணத்தின் கதை வேறு. புரோகிதர் வேண்டாம், மந்திரம் வேண்டாம் என்று கல்யாணத்தின் விதியையே அது நேருக்கு நேர் மறுத்தது, அதனால் எதிர்ப்பண்பாடு. அப்புறம் 1967-ல், அண்ணா முதல்வராக இருந்தபோது, சட்டத் திருத்தத்தின் மூலம் அதற்கு அங்கீகாரம் கிடைத்தது. எதிர்த்து நின்றது சட்டத்துக்குள் வந்துவிட்டது. கானாவும் மரண வீட்டிலிருந்து சினிமாவுக்குப் போய் வெகுசனப் பண்பாட்டில் கலந்துவிட்டது. ஆகவே உதாரணம் எழுதும்போது எந்தக் காலத்தைப் பற்றிச் சொல்கிறோம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

பொருள்சார் பண்பாடு, பொருள்சாராப் பண்பாடு என்ற பிரிவில் கோலத்தை எங்கே வைப்பது என்று கேட்பார்கள். மாவும் வாசலும் பொருள். புள்ளிக் கணக்கும், துக்க வீட்டில் கோலம் போடக்கூடாது என்பதும் பொருள்சாராதவை. இரண்டும் ஒன்றாக ஓடுவதில்லை. பொருள் முன்னே ஓட, பழக்கம் பின்தங்கும் என்று 1922-ல் சமூகவியலாளர் வில்லியம் ஆக்பர்ன் சொன்னார். கல்யாணத் தரகரின் நோட்டுப் புத்தகம் போய்ச் செயலி வந்தும் சாதிக்கான கட்டம் அதில் அப்படியே இருக்கிறது, பாருங்கள்.

போன வருஷம் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் தவறிவிட்டார். அந்த வீட்டு வாசலில் ஸ்டிக்கர் கோலம், நன்றாக ஒட்டிப்போனது. மருமகள் கத்தியால் சுரண்டிப் பார்த்தார், வரவில்லை. கடைசியில் ஒரு சாக்கைக் கொண்டுவந்து அதன் மேல் விரித்து, நாலு மூலைக்கும் செங்கல் வைத்தார்.