555 சர்க்யூட் தாறுமாறாக ஓடுகிறதா? சப்ளையில் நாம் செய்யும் தவறுகள்

555 டைமர் ஐசியிலிருந்து பல்ஸ் எடுத்து, ஒவ்வொரு பல்ஸுக்கும் ஓர் அவுட்புட் நகரும் 4017 கவுண்டர் ஐசிக்குக் கொடுத்து, பத்து எல்இடியை வரிசையாக எரியவிடுவது பலருக்கும் முதல் சர்க்யூட். அதில் அடிக்கடி வரும் தொல்லை, வெளிச்சம் ஓர் எல்இடியைத் தாண்டிக் குதிப்பது. ஐசி போய்விட்டது என்று புதிது வாங்கிப் போடுவோம். அதுவும் குதிக்கும். நான் இப்படி மூன்று ஐசி மாற்றிய பிறகுதான் சப்ளையைக் கவனித்தேன்.

சப்ளையைக் கலக்குவதே பெரும்பாலும் அந்த 555 தான். சிக்னெட்டிக்ஸ் நிறுவனம் 1972-ல் கொண்டுவந்த, பைபோலார் டிரான்சிஸ்டர்களால் ஆன வகையில், அவுட்புட்டை மேலே இழுக்க ஒரு டிரான்சிஸ்டர் பகுதி, கீழே இழுக்க இன்னொன்று. நிலை மாறும்போது மிகச் சிறிய நேரம் இரண்டுமே ஓடுகின்றன. அந்த இடைவெளியில் 300 முதல் 400 மில்லி ஆம்பியர் வரை சப்ளையிலிருந்து இழுபட்டு, மின்னழுத்தம் ஒரு கணம் சரியும். எல்இடி ஒன்றுக்கு 10 மில்லி ஆம்பியர் போதும் என்று கணக்குப் போட்டுவைத்த நமக்கு இது தெரிவதே இல்லை. மல்டிமீட்டரும் காட்டாது, அவ்வளவு வேகமான சரிவை அது பிடிக்காமல், 12 வோல்ட் நிலையாக இருப்பதாகவே சொல்லும். மீட்டரை நம்பி சப்ளை நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டுவதுதான் முதல் தவறு.

அடுத்தது, இந்தத் திடீர் இழுப்புக்கு ஈடுகொடுக்கும் கெபாசிட்டரைத் தப்பான இடத்தில் வைப்பது. 0.1 மைக்ரோ ஃபாரட் செராமிக், அதாவது 104 என்று எழுதியிருப்பது, சப்ளை வரும் 8-ஆம் பின்னுக்கும் கிரவுண்டான 1-ஆம் பின்னுக்கும் நேர் குறுக்கே, கால்களைக் குட்டையாக வெட்டி வைக்கப்பட வேண்டும். பலர் ப்ரெட்போர்டின் ஓரத்தில், சப்ளை வயர் நுழையும் இடத்தில் செருகிவிடுகிறார்கள். வேகமான இழுப்புக்கு அந்த நீளக் கம்பியே தடை. பக்கத்தில் 47 அல்லது 100 மைக்ரோ ஃபாரட் எலெக்ட்ரோலிட்டிக் ஒன்றும் வேண்டும். பெரியது இருக்கிறதே என்று சின்னதை விட்டுவிடாதீர்கள். எலெக்ட்ரோலிட்டிக் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது.

5-ஆம் பின்னைச் சும்மா விடுவது மூன்றாவது. உள்ளே மூன்று 5 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் சப்ளையைப் பங்கிடுகின்றன. 12 வோல்ட் கொடுத்தால், டைமிங் கெபாசிட்டர் சார்ஜ் ஆகி எட்ட வேண்டிய மேல் எல்லை 8 வோல்ட்; அந்த எல்லைதான் 5-ஆம் பின்னில் இருக்கிறது. சப்ளை ஒரு கணம் 11-க்கு இறங்கினால் எல்லை சுமார் 7.3 ஆகிவிடும். டைமிங் கெபாசிட்டர் அப்போது 7.5-இல் இருந்தால், நேரம் முடிந்துவிட்டது என்று ஐசி எண்ணிவிடும். 5-ஆம் பின்னிலிருந்து கிரவுண்டுக்கு 0.01 மைக்ரோ ஃபாரட், 103, போட்டால் இந்தக் குறுகிய ஆட்டம் அடங்கும். மட்டமான அடாப்டரில் பாலம் ரெக்டிஃபையருக்குப் பிறகு மிஞ்சும் 100 ஹெர்ட்ஸ் அலையை இது அடக்காது. அதற்கு ஃபில்டர் கெபாசிட்டரும் ரெகுலேட்டரும்தான் வழி.

ரீசெட்டுக்கான 4-ஆம் பின் பயன்படாவிட்டால் சப்ளையோடு சேர்த்துவிடுங்கள். டைமரைத் தொடங்கிவைக்கும் 2-ஆம் பின்னுக்கு நீள வயரில் பட்டன் வைத்திருந்தால், அந்தப் பின்னைச் சப்ளையோடு இணைக்கும் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் (புல்-அப்) கட்டாயம். இல்லையென்றால் ஃபேன் சுவிட்சைத் தட்டினாலே டைமர் ஓடத் தொடங்கும்.

ரிலே, மோட்டார் வைத்தால் பிரச்சினை வேறு மாதிரி. காயிலுக்குக் குறுக்கே 1என்4007 டயோடு, கோடு போட்ட பக்கம் பிளஸ்ஸில் இருக்கும்படி வேண்டும். அதைப் போட்ட பிறகும் ரீசெட் ஆகிறது என்றால் கிரவுண்டைப் பாருங்கள். மோட்டார் கரன்ட் 555-இன் கிரவுண்டு வயர் வழியாகவே திரும்பினால் அந்த வயரின் மின்னழுத்தமே ஏறி இறங்கும். இரண்டுக்கும் தனித்தனி வயர் இழுத்து, சப்ளை முனையில் மட்டும் சேருங்கள்.

ஆஸிலோஸ்கோப் இல்லாமலும் காரணத்தைத் தேடலாம். முதலில் லோடைக் கழற்றிவிட்டு எல்இடி மட்டும் வைத்துப் பாருங்கள். சரியானால் லோடு பக்கம் கோளாறு. சரியாகவில்லையென்றால் அடாப்டரை எடுத்துவிட்டு புது பேட்டரியில் ஓட்டுங்கள்; பழைய 9 வோல்ட் பேட்டரி வேண்டாம், அதன் உள்தடையே சரிவை உண்டாக்கும். இப்போது சரியானால் அடாப்டர். அப்போதும் குதித்தால், 104-ஐ ஐசியின் மேலேயே வளைத்து வைத்துப் பாருங்கள்.

ஐசிஎம்7555 போன்ற, மின்சாரம் குறைவாக எடுக்கும் சிமாஸ் (CMOS) வகை 555-க்கு மாறினால் இந்த இழுப்பு 2, 3 மில்லி ஆம்பியராகக் குறைந்துவிடும். ஆனால் பைபோலார் வகையான என்இ555 தரும் 200 மில்லி ஆம்பியரை அதனிடம் எதிர்பார்க்க முடியாது; ரிலேக்கு நடுவில் ஒரு டிரான்சிஸ்டர் போட்டாக வேண்டும்.